ஒருமுறை சொன்னால் போதும்! பைத்தானுக்குத் தமிழைப் பழக்குவோம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் ஓடினால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படியே ஓடும் என்று நம்பி விடுவோம். இன்ஜினீயரிங் முடித்து, ஆறு வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்த பிறகும் நான் அதே தவறைச் செய்தேன். அதனால் ஒரே நொடியில் காணாமல் போனது 15 பெண்களின் 14 மாத சேமிப்புக் கணக்கு!

எங்கள் சித்தி தேனி மாவட்டம் பெரியகுளம் பக்கத்தில் உள்ள ஜெயமங்கலத்தில் இருக்கிறார். அங்கே ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை அவர்தான் எழுதுகிறார். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபாய் சேமிப்பு கட்டுவார்கள். சித்தி மகள் கல்லூரிப் படிப்புக்காகப் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினாள். "அண்ணே, அம்மா நோட்டுக் கணக்கை இதுல ஏத்தித் தர்றீங்களா?" என்று கேட்டாள். சென்னையில் என் லேப்டாப்பில் உட்கார்ந்து பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பினேன். பெயரைக் கேட்கும், தொகையைக் கேட்கும், ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமிக்கும். அவ்வளவுதான்.

பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து, பழைய 14 மாதக் கணக்கையும் தங்கை ஏற்றி விட்டாள். எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் குழுக் கூட்டத்தில் சித்தி ஒரு கேள்வி கேட்டார். "ஏப்பா, எங்க பேரை எங்களாலயே படிக்க முடியலையே. அப்புறம் இது யாருக்குக் கணக்கு?" நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் எழுதினால் ல, ள இரண்டும் ஒன்றாகி விடும். ஒரே பெயரை இரண்டு மாதிரி டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை இரண்டு ஆளாக எடுத்துக் கொள்ளும்.

"தமிழிலேயே டைப் செய்யலாம், நான் இங்கே பார்த்து விட்டேன்" என்று போனில் சொன்னேன். அந்த மாதம் 16வதாக ஒருவர் குழுவில் சேர்ந்தார். தங்கை அவர் பெயரைத் தமிழில் டைப் செய்து என்டர் தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்தில் நான்கைந்து வரிகள். ஃபைலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அளவு 0 கேபி.

நல்ல வேளையாக, சித்தி நோட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய், அந்த நோட்டைப் பார்த்து 210 வரிகளையும் நானே உட்கார்ந்து ஏற்றினேன். ஏற்றி முடித்த பிறகு, இது ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க அந்த லேப்டாப்பில் நிரந்தரமாக என்ன செய்து வைக்கலாம் என்று பார்த்தோம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நீங்கள் புரோகிராம் எழுதாதவராக இருந்தாலும் படியுங்கள். உங்கள் பிள்ளை பள்ளியிலோ கல்லூரியிலோ பைத்தான் படிக்கிறான் என்றால் இது உங்கள் வீட்டுக்கும் வரும்.

ஃபைல் ஏன் காலியானது?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்று படித்திருப்பீர்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் பட்டியலுக்கு என்கோடிங் என்று பெயர். இன்று உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படுவது யூனிகோடை அடிப்படையாகக் கொண்ட யூ.டி.எஃப்-8 என்ற முறை. இதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படும். உதாரணமாக அ என்ற எழுத்து 224, 174, 133.

விண்டோஸில் இதற்கும் முந்தைய காலத்துப் பட்டியல் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான லேப்டாப்களில் அது 1252 என்ற எண் கொண்ட பட்டியலாக இருக்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக உருவானது. இதில் தமிழுக்கு இடமே கிடையாது.

விண்டோஸில் ஓடும் பைத்தானிடம் "இந்த ஃபைலைத் திற" என்று மட்டும் சொல்லி, என்கோடிங் எது என்று சொல்லாமல் விட்டால் அது இந்த 1252 பட்டியலை எடுத்துக் கொள்ளும். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். அங்கே சொல்லாவிட்டாலும் யூ.டி.எஃப்-8 தான். அதனால்தான் எனக்கு ஓடியது, தங்கைக்கு ஓடவில்லை.

அப்படியானால் 14 மாதக் கணக்கை ஏற்றியபோது ஏன் பிரச்சினை வரவில்லை? ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு பட்டியலிலும் ஒரே எண்கள்தான். ஆகவே ஆங்கிலம் மட்டும் இருந்தவரை தவறு வெளியே தெரியவில்லை. முதல் தமிழ் எழுத்து வந்ததும் வெடித்தது.

காலியானதற்குக் காரணம் நான் எழுதிய விதம். ஒவ்வொரு முறையும் பழைய கணக்கைப் படித்து, புதிய வரியைச் சேர்த்து, முழுவதையும் ஒரே மூச்சில் திரும்ப எழுதும்படி வைத்திருந்தேன். எழுதுவதற்காக ஒரு ஃபைலைத் திறந்த உடனே பைத்தான் முதலில் பழையதைத் துடைத்து விடும். அதன் பிறகுதான் எழுதும். துடைத்து முடித்து எழுதப் போகும்போது தமிழ் எழுத்துக்கு எண் கிடைக்காமல் நின்று விட்டது. சிலேட்டை அழித்த பிறகு சாக்பீஸ் இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

புள்ளி வைத்தால் நின்று விடும்!

எழுதும்போது மட்டும் அல்ல, படிக்கும்போதும் இந்தத் தொல்லை உண்டு. அது இன்னும் விசித்திரமானது. நோட்பேடில் தமிழில் எழுதிய ஒரு ஃபைலைப் பைத்தானிடம் கொடுத்தால் சில நேரம் படிக்கும், சில நேரம் நின்று விடும். புதியவர்கள் தலையைப் பிய்த்துக் கொள்வார்கள்.

காரணம் இதுதான். 1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. இப்போது தமிழைப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு யூ.டி.எஃப்-8 எண்கள் 224, 175, 141. கு, து, மு போன்றவற்றில் வரும் உகரக் குறிக்கு 224, 175, 129. ஏ என்ற எழுத்து 143ல் முடியும். ஐ என்ற எழுத்து 144ல் முடியும். இந்த நான்கில் ஏதாவது ஒன்று ஃபைலில் இருந்தால் பைத்தான் அங்கேயே நின்று விடும். எரர் செய்தியில் சார்மேப் என்ற சொல்லும், 8டி அல்லது 81 என்பது போன்ற ஓர் எண்ணும் தெரிந்தால் இதுதான் நோய். 8டி என்பது 141ஐயும், 81 என்பது 129ஐயும் கம்ப்யூட்டர் எழுதும் முறை.

மாலா, ராணி, கவிதா என்ற பெயர்களில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அவை மட்டும் இருந்தால் எரர் வராது. ஆனால் அதுதான் இன்னும் மோசம். படித்து விட்டதாக நினைத்துக் கொண்டு தவறான எழுத்துகளை வைத்துக் கொள்ளும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது வைரஸ் அல்ல. தமிழை 1252 பட்டியலை வைத்துப் படித்ததால் வந்த வினை. செல்வி என்ற பெயரில் புள்ளி இருப்பதால் எரராவது வந்து நம்மை எச்சரிக்கும்!

டீக்கடையும் ரன்டைமும்

நாம் எழுதும் புரோகிராமைப் படித்து ஓட வைக்கும் சாஃப்ட்வேருக்கு ரன்டைம் என்று பெயர். பைத்தான், ஜாவா போன்றவற்றை டவுன்லோட் செய்து நிறுவுகிறீர்களே, அதன் முக்கிய வேலையே இதுதான். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ரன்டைமுக்குச் சில பழக்கங்கள் இருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவாக எடுத்துக் கொள்ளும் முடிவுக்கு டிஃபால்ட் என்று பெயர்.

தினமும் போகும் டீக்கடையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் மாஸ்டர் வழக்கமான சீனி போட்டுத் தருவார். நமக்குச் சீனி கம்மியாக வேண்டும் என்றால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒவ்வொரு கிளாஸையும் பார்த்துச் சொல்வது. புரோகிராமுக்குள் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று எழுதுவது இது போன்றது. மிகச் சரியான வழி இதுதான். ஆனால் ஒரு வரியில் மறந்தாலும் போச்சு. அடுத்தவர் எழுதிய புரோகிராம் என்றால் உள்ளே போய்த் திருத்துவது கஷ்டம்.

இரண்டாவது வழி, கடைக்குள் நுழையும் போதெல்லாம் சொல்வது. கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்ற கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு மைனஸ் குறி, பெரிய எழுத்தில் எக்ஸ், மீண்டும் இடைவெளி, சிறிய எழுத்தில் யு டி எஃப் 8 என்று சேர்த்து, அதன் பின் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் அந்த ஒரு முறைக்கு மட்டும் யூ.டி.எஃப்-8 கிடைக்கும். ஆனால் வீட்டில் யார் இப்படி டைப் செய்கிறார்கள்? ஐகான் மேல் டபுள் கிளிக் செய்வோம், அல்லது ஸ்டார்ட் மெனுவில் ஐடில் என்ற விண்டோவைத் திறப்போம். தங்கையும் அப்படித்தான் செய்தாள். அங்கே இதையெல்லாம் சொல்ல இடமே இல்லை.

மூன்றாவது வழி, ஒருமுறை சொல்லி வைப்பது. "அண்ணனுக்கு எப்பவும் சீனி கம்மி" என்று மாஸ்டர் மனதில் வைத்துக் கொள்வதைப் போல. நமக்கு வேண்டியது இதுதான்.

நிரந்தரமாக அமைப்பது எப்படி?

விண்டோஸ் தன்னிடம் ஒரு குறிப்புப் பலகை வைத்திருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். எந்த புரோகிராம் தொடங்கினாலும் இந்தப் பலகையின் நகல் ஒன்று அதன் கையில் கொடுக்கப்படும். 2018ல் வந்த பைத்தான் 3.7 பதிப்பிலிருந்து, தான் தொடங்கும்போது ஒரு குறிப்பிட்ட பெயர் இந்தப் பலகையில் இருக்கிறதா என்று பைத்தான் பார்க்கும். இருந்தால் யூ.டி.எஃப்-8 முறைக்கு மாறிக் கொள்ளும்.

அந்தப் பெயர்: பி ஒய் டி ஹெச் ஓ என் யு டி எஃப் 8. ஒன்பதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், கடைசியில் 8 என்ற எண். இடையில் இடைவெளியோ கோடோ கூடாது. அதாவது பைத்தான் என்ற சொல்லோடு யு டி எஃப் 8 ஒட்டி வர வேண்டும்.

விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் செய்ய வேண்டியவை:

1. பைத்தான், ஐடில், கமாண்ட் பிராம்ப்ட் எது திறந்திருந்தாலும் மூடி விடுங்கள்.

2. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி என்விரான்மென்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுண்ட் என்ற வரி தோன்றும். அதைக் கிளிக் செய்யுங்கள்.

3. தோன்றும் விண்டோ இரண்டு பகுதியாக இருக்கும். மேலே யூசர் வேரியபிள்ஸ், கீழே சிஸ்டம் வேரியபிள்ஸ். மேல் பகுதியில் உள்ள நியூ பட்டனை அழுத்துங்கள். கீழ்ப் பகுதியைத் தொட வேண்டாம்.

4. வேரியபிள் நேம் என்ற இடத்தில் மேலே சொன்ன பெயரை டைப் செய்யுங்கள். வேரியபிள் வேல்யூ என்ற இடத்தில் 1 என்று மட்டும் கொடுங்கள்.

5. ஓகே கொடுத்து, அடுத்த விண்டோவிலும் ஓகே கொடுத்து வெளியே வாருங்கள்.

அவ்வளவுதான். இதே பட்டியலில் பாத் என்ற வரியும் இருக்கும். தவறுதலாகக் கூட அதை அழித்து விடாதீர்கள். பல சாஃப்ட்வேர்கள் தேடப்படுவது அதில் உள்ள முகவரிகளில்தான்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கப் புதிதாக ஒரு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, செட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டுப் பைத்தான் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நீங்கள் கொடுத்த பெயரும் அதன் அருகில் 1 என்பதும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். ஏற்கெனவே திறந்திருந்த விண்டோவில் பார்க்காதீர்கள். அதன் கையில் இருப்பது பழைய நகல்.

பிறகு ஒரு சோதனை. உங்கள் கணக்கு ஃபைலை அல்ல, அதன் காப்பி ஒன்றை வைத்து, புள்ளியும் உகரமும் உள்ள பெயராகப் பார்த்து டைப் செய்து சேமியுங்கள். முத்துச்செல்வி போன்ற பெயர் இதற்கு மிகவும் ஏற்றது! ஃபைலை நோட்பேடில் திறந்து தமிழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய நோட்பேடில் கீழே வலது ஓரத்தில் யூ.டி.எஃப்-8 என்று காட்டும்.

இந்த அமைப்பு வேண்டாம் என்று தோன்றினால் அதே விண்டோவுக்குப் போய், அந்த வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுங்கள். பழையபடி ஆகி விடும்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று. இது உங்கள் லேப்டாப்பில், உங்கள் லாகினுக்கு மட்டும்தான். நீங்கள் எழுதிய புரோகிராமை நண்பருக்கு அனுப்பினால் இந்த அமைப்பு கூடவே போகாது. நான் தவறியது இதில்தான். ஆகவே அடுத்தவருக்குக் கொடுக்கும் புரோகிராமில் என்கோடிங்கை உள்ளேயே எழுதி விடுங்கள். நிரந்தர அமைப்பு நம் மறதிக்கு ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான்.

இரண்டு. பழைய ஃபைல்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப் போன்ற முறைகளில் சேமித்த தமிழ் ஃபைல்கள் உங்களிடம் இருக்கலாம். அவை யூ.டி.எஃப்-8 அல்ல. இந்த அமைப்புக்குப் பிறகு அவற்றைப் பைத்தான் படிக்க மறுக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழுக்கான தரமாக அறிவித்தது. புதிதாகச் சேமிப்பதை யூனிகோடிலேயே வைத்துக் கொள்வது நல்லது.

மூன்று. செகண்ட்ஹேண்டில் வாங்கிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும். கவலை வேண்டாம், 3.8லும் இது வேலை செய்யும். 3.6ம் அதற்கு முந்தையவையும் இந்தப் பெயரைக் கண்டு கொள்ளாது, எரரும் காட்டாது.

நான்கு. எந்த அமைப்பும் பேக்கப்புக்கு ஈடாகாது. இப்போது என் புரோகிராம் புதிய கணக்கை முதலில் வேறு பெயரில் எழுதுகிறது. அது முழுமையாக முடிந்த பிறகே பழைய ஃபைலின் இடத்தில் வைக்கிறது. நடுவில் நின்றாலும் பழையது பத்திரமாக இருக்கும்.

மற்ற மொழிகளில்?

பைத்தானுக்கு மட்டும் உள்ள வசதி அல்ல இது. ஜாவா, ரூபி, பெர்ல், நோட் ஜே.எஸ். ஆகிய ஒவ்வொன்றும் தொடங்கும்போது தனக்கென்று ஒரு வேரியபிளைத் தேடிப் பார்க்கும். எவ்வளவு மெமரி எடுக்கலாம், எந்த எச்சரிக்கைகளைக் காட்டலாம் போன்றவற்றை அதில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். ஜாவாவில் அதன் பெயர் ஜாவா டூல் ஆப்ஷன்ஸ். மூன்று சொற்களும் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். அது இருந்தால் ஜாவா ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதை எடுத்துக் கொண்டதாக ஒரு வரி காட்டும். அதை எரர் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

தமிழ் விஷயத்தில் ஜாவா முந்திக் கொண்டது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18லிருந்து யூ.டி.எஃப்-8 தான் டிஃபால்ட். பைத்தானும் 3.15 பதிப்பிலிருந்து அப்படியே மாறுவது என்று 2022ல் முடிவானது. அதற்கு முந்தைய பதிப்பு உள்ள கம்ப்யூட்டர்களில் நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

தமிழிலேயே கட்டளை எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதில் திரையில் காட்டுவதற்கான கட்டளையே பதிப்பி என்பது. தரவு மட்டும் அல்ல, புரோகிராமே தமிழில் இருக்கும் காலம் இது. அதைப் படிக்கும் ரன்டைம் மேற்கு ஐரோப்பியப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு முழிக்கலாமா?

ஜெயமங்கலத்தில் தங்கையின் லேப்டாப்பில் இதை அமைத்து, பெயர்களை எல்லாம் தமிழுக்கு மாற்றி, அடுத்த கூட்டத்தில் திரையைக் காட்டினோம். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து, தங்கள் பெயரைத் தேடி, எதிரே உள்ள தொகையை விரல் வைத்துப் படித்தார்கள். ஒருவர் தன் கணக்கில் ஒரு மாதம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். நோட்டைப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. 210 வரிகளை ஏற்றும்போது நான் விட்ட வரி அது. ஆங்கிலத்தில் இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சித்தி இன்னும் நோட்டும் போடுகிறார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பைத்தான் இருந்தால் இன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை அமைத்து விடுங்கள். முதல் தமிழ்ப் பெயரை டைப் செய்யும் முன்பே!